பன்னிரண்டாம் வட்டம்

செய்தி வந்தபோது காலை பத்து மணி நாற்பது. இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கின் பின்தெருவில் உள்ள ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடிப் படிகளைக் கிறிகோரி துடைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே துடைப்பது அவருடைய வழக்கம். துடைத்த படியில் தன் கால் மறுபடி படக்கூடாது. தொலைபேசி ஜன்னல் விளிம்பில் கிடந்து அதிர்ந்தது. இலங்கை எண். யாருடையது என்று தெரியவில்லை.

“பெரியப்பா, நான் தர்சனா.”

பெயர் தெரியும். குரல் தெரியாது. தம்பி யாக்கோபுவின் மூத்த மகள், பதினேழு வயது, மன்னாரில் பேசாலையில் தாயோடு இருக்கிறாள். அவளுடைய முதல்நன்மைப் படத்தை உறவினர் ஒருவர் முகநூலில் போட்டபோது, இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் பழக்கம்.

“சொல்லு பிள்ளை.”

“அப்பா மோசம் போயிட்டார்.”

தம்பியின் சாவைக் கேட்ட கிறிகோரியின் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு கேள்வி. அதை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு வெட்கப்பட்டார்.

“மிசின் விழுந்ததோ?”

“என்ன மிசின் பெரியப்பா?”

“ஒண்டுமில்லை. எப்ப? என்னண்டு?”

“நேற்றுப் பின்னேரம். நெஞ்சு நோவாம். தோட்டத்திலை, பிக்கப் வானுக்குள்ளை இருந்தபடியே. சாப்பாட்டுக்கு வரேல்லையெண்டு தேடிப் போயிருக்கினம்.” அவள் அழவில்லை. காலையிலிருந்து பலருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். “பெரியப்பாவுக்கும் சொல்லோணும் எண்டு அம்மா சொன்னவ.”

“அம்மா எப்பிடி இருக்கிறா?”

“இருக்கிறா.”

அழைப்பு முடிந்த பிறகும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாம் மாடியிலிருந்து நாயோடு இறங்கிவந்த இத்தாலியப் பெண்மணி ஒரு கணம் நின்று பார்த்தார். ஒரே படியைக் கிறிகோரி எத்தனை தடவை துடைத்தாரோ, வாளித் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு படியில் நின்றது.

கிறிகோரிக்கு ஐம்பத்தெட்டு வயது. பலெர்மோவுக்கு வந்து பதினேழு வருடம். அல்பெர்கேரியா பகுதியில், பல்லறோ சந்தையின் கூச்சல் கேட்கும் தூரத்தில், ஒரு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு. நான்கு கட்டடங்களின் படிகள் அவருடைய பொறுப்பு. மனைவி கத்தரீனா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, கோயில் வாசலில் சனம் கதைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கவாட்டுக் கதவால் போய்விடுவார். ‘நல்ல மனுசன், ஆனால் கதை குறைவு’ என்பதுதான் மன்னார்ச் சனம் அவரைப் பற்றி வைத்திருந்த கணிப்பு.

அவர் முன்பு சவூதியில் இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன வேலை செய்தார் என்பது அநேகருக்குத் தெரியாது. கேட்டால், “தோட்டம்” என்பார். தோட்டம் என்றால் வாழையும் கத்தரியும் என்று கேட்டவர் நினைத்துக்கொள்வார்.

அது வேறு விதமான தோட்டம். வடக்குப் பாலைவனத்தில், கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் மண்ணிற வெளி. அதன் நடுவே ஆழ்கிணறு ஒன்று. கிணற்றடியிலிருந்து முந்நூற்றைம்பது மீற்றர் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் புறப்பட்டுப் போகும். ஆறு கோபுரங்கள் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழே உருள்வதற்குச் சில்லுகள். குழாய் நெடுகத் தண்ணீர் தெளிக்கும் நொசில்கள் தொங்கும். மோட்டரைப் போட்டால் குழாய் முழுவதும் கடிகார முள்ளைப்போல மெல்ல மெல்லச் சுற்றி வந்து, ஒரு நாளில் ஒரு வட்டத்தை நனைத்து முடிக்கும். நனைந்த வட்டத்துக்குள் மாட்டுப்புல் முழங்காலளவு நிற்கும். வட்டத்துக்கு வெளியே ஒரு அடி தள்ளினால் வெறும் மணல். அப்படி நாற்பது வட்டங்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கிறிகோரிக்கும் தம்பி யாக்கோபுவுக்கும் உரியவை. தம்பியை அங்கே கூப்பிட்டு வேலைக்குச் சேர்த்ததே அவர்தான்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஏப்ரலில், ஒரு மதியம், பன்னிரண்டாம் வட்டத்தில் அது நடந்தது. மூன்றாவது கோபுரத்தின் சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. சில்லுகள் தினமும் ஒரே தடத்தில் ஓடுவதால், ஈரமண்ணில் தடம் குழியாகிக்கொண்டே போகும். கல்லும் மண்ணும் போட்டு மூடாவிட்டால் என்றாவது ஒருநாள் கோபுரம் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் மிசின் தானாகவே நிற்பதற்கு ஒரு சுவிச்சு உண்டு. ஆனால் அந்தச் சுவிச்சு வெயிலில் அடிக்கடி சும்மா விழுந்து வேலையைக் கெடுக்கிறது என்று, கிறிகோரி அதை ஒரு கம்பித் துண்டால் கட்டி வைத்திருந்தார். கட்டிவிட்டு, பிக்கப்பின் நிழலில் சாக்கை விரித்துப் படுத்தவர் நித்திரையாகிப் போனார். புதைந்த கோபுரம் நிற்க, மற்றக் கோபுரங்கள் இழுத்துக்கொண்டு நடந்தன. அவர் கண் விழித்தபோது குழாயில் பாதி முறுக்கி விழுந்து கிடந்தது. உடைந்த இடத்திலிருந்து தண்ணீர் ஒரு பனை உயரத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சினியர் வந்து கேட்டது ஒரே கேள்வி. “யாருடைய வேலை முறை?”

யாக்கோபு அப்போதுதான் அடுத்த முறைக்காக வந்து இறங்கியிருந்தான். கிறிகோரியின் கையில் வெளியேறும் பத்திரம் கிட்டத்தட்டச் சரிவந்திருந்தது. இத்தாலிக்குப் போக எல்லாம் ஒழுங்கு. “தம்பியுடையது” என்று சொன்னார். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

யாக்கோபு மறுக்கவில்லை. தமையனை ஒருதரம் பார்த்தான். பிறகு சேற்றில் சிதறிக் கிடந்த நொசில்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினான். அந்த வருடம் அவனுடைய லீவை வெட்டினார்கள். யூன் மாதம் தர்சனா பிறந்தாள். தகப்பன் அவளை முதன்முதலாகக் கண்டபோது அவளுக்குப் பதினான்கு மாதம்.

கிறிகோரி தோட்டத்தை விட்டுப் போன அன்று வழியனுப்ப யாக்கோபு வரவில்லை. அன்று அவனுக்கு வேலை இருந்தது என்பதும் உண்மைதான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் கதை இல்லை. சண்டை பிடித்துக் கதையை விட்டவர்களைச் சேர்த்துவைக்க யாராவது வருவார்கள். இவர்கள் சண்டையே பிடிக்கவில்லை. ஆகவே யாரும் வரவில்லை.

பல வருடம் கழித்து, பலெர்மோவில், வட்டங்களை மறுபடி அவருக்குக் காட்டியவர் ராமென். மொரீசியஸ்காரர், கிறிகோரி படி துடைக்கும் கட்டடத்தில் கண்ணாடி துடைப்பவர். பூட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். கோயிலில் சொல்லும் நாலைந்து வார்த்தைகளைத் தவிரத் தமிழ் வராது. இருவரும் கதைப்பது இத்தாலியனில். ஒருநாள் மதியம் படியில் இருந்து பாண் சாப்பிட்டபோது, ராமென் தன் ஊர் வீட்டின் கூரையைத் தொலைபேசியில் ஆகாயத்திலிருந்து காட்டினார்.

“பாலைவனமும் தெரியுமா?” என்று கிறிகோரி கேட்டார்.

“நிலாவே தெரியுது, பாலைவனம் தெரியாதா?”

ஊர்ப் பெயர் ஞாபகம் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் போனால், மண்ணிறத் தாளில் பச்சைப் பொட்டுகளாக நாற்பது வட்டங்கள். கிறிகோரி கையில் இருந்த பாணைக் கீழே வைத்துவிட்டார். பத்து வருடம் அந்த வட்டங்களுக்குள் நடந்தவருக்கு, அவை இவ்வளவு நேர்த்தியான வட்டங்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளே நின்றவனுக்குச் சேறும் கொசுவும்தான் தெரியும்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை செய்மதியின் புதுப்படம் வரும் இணையத்தளம் ஒன்றையும் ராமென் தேடிக் கொடுத்தார். அதன்பின் அந்த ஐந்து நாள் கணக்கில் கிறிகோரியின் வாழ்க்கை ஓடியது. பலெர்மோவை முகில் மறைத்துவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்காக நகரமே வெள்ளைப் பூச்சாக இருக்கும். அந்தத் தோட்டத்தை எதுவும் மறைப்பதில்லை. எந்த வட்டத்தில் புல் வெட்டியிருக்கிறார்கள், எதில் தண்ணீர் போதாது, குழாய் எந்தத் திசையில் நிற்கிறது, எல்லாம் தெரியும். யாக்கோபு லீவில் ஊர் போயிருக்கிறான் என்பதைக்கூட அவர் கண்டுபிடித்துவிடுவார். வேறு கை நின்று பார்க்கும்போது பச்சை ஒரே சீராக இராது.

“என்ன கிறிகோ, பீட்சாக் கடை திறந்தாச்சா?” என்பார் ராமென். வட்டத்தில் ஒரு பகுதி வெட்டுப்பட்டிருந்தால், “ஒரு துண்டை யாரோ சாப்பிட்டு விட்டார்கள். நீ காசு வாங்கினாயா?”

இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு இளவேனிலில், முதலாம் வட்டத்துக்குள் மெல்லிய மண்ணிற வளையங்கள் தெரிந்தன. நூலால் கீறியதுபோல, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு. ஆறு கோபுரங்களின் சில்லுத் தடங்கள் அவை. கிறிகோரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆகாயத்திலிருந்தே தெரியும் அளவுக்குத் தடம் அகன்றுவிட்டது என்றால், குழி எவ்வளவு ஆழமாக இருக்கும்!

“மண் போட்டு மூடுறதுக்குக்கூட அவனுக்குப் பஞ்சி. சோம்பேறி,” என்றார் கத்தரீனாவிடம். “இப்பிடி விட்டா டவர் புதையும். பிறகு ஆருக்கு மேலையெண்டாலும் விழும்.”

கத்தரீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “அவர் அங்கை வேலை செய்யிறார். நீங்கள் இஞ்சை இருந்து அவருக்கு மனேச்சர் வேலை பாக்கிறியள். ஒருக்காப் போன் எடுத்துச் சொல்லுங்கோவன்.”

“நான் சொல்லி அவன் கேப்பானோ?”

“கேக்க மாட்டாரெண்டோ சொல்லுறதில்லை?” என்றாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. எதை மனதில் வைத்துச் சொன்னாளோ, அவள் மீனை விட்டுத் தலை நிமிரவில்லை.

வேறு எவனென்றாலும் எடுத்துச் சொல்லலாம். சுவிச்சைக் கம்பியால் கட்டிவிட்டு நித்திரை கொண்டவன் எந்த வாயால் சொல்லுவது, தடத்தைக் கவனி என்று? சொல்லுவதானால் முதலில் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வளையங்கள் பரவின. மூன்று மாதத்தில் இரண்டாம் வட்டம். பிறகு மூன்றாம் வட்டம். கத்தரீனா வைத்தியசாலையில் கிடந்த காலத்தில் ஐந்து. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து நாலாம் நாள் பார்த்தபோது ஆறு. பத்தைத் தாண்டியபோது கிறிகோரி தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வளையம் பன்னிரண்டாம் வட்டத்துக்கு வந்தால் அவனுக்குப் போன் எடுக்கிறேன். இடம் அந்த இடம். அங்கே இன்னொரு தடவை மிசின் விழ விடமாட்டேன். எடுத்து, முதலில் அதைச் சொல்லி, பிறகு இதைச் சொல்லுவேன்.

சென்ற செப்ரெம்பரில் பன்னிரண்டாம் வட்டத்தில் இரண்டு வளையங்கள் வந்தன. ஆறும் வரட்டும் என்றிருந்தார். ஒக்ரோபரில் நான்கு ஆயின. தொலைபேசியில் யாக்கோபுவின் எண்ணை எடுத்து, அவனுடைய சிறு வட்டப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நரைத்திருந்தான். அடுத்த படம் வரட்டும் என்று மூடிவைத்தார். நவம்பர் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பதுக்குத் தர்சனா எடுத்தாள்.

உடல் பேசாலைக்குப் போய்ச்சேர இரண்டு கிழமைக்கு மேல் ஆனது. கிறிகோரியால் போக முடியவில்லை. பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்து, க்வெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் இருந்தது. கையில் இருந்தது ரசீது. அந்த ரசீதோடு புறப்பட்டு, இடைவழி விமான நிலையத்தில் மறிபட்டுத் திரும்பியவர்களின் கதைகள் கோயில் வாசலில் ஏராளம். போக மனமிருந்தவன் அதையும் தாண்டிப் போயிருப்பான் என்று தன்னைத் தானே குத்திக்கொண்டார். அடக்கத்தைத் தொலைபேசியில் பார்த்தார், அதே கட்டடத்தில், படியில் இருந்தபடி. படம் நடுவில் நடுவில் உறைந்தது. ஒருதரம் உறைந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற பிள்ளை நேரே அவரைப் பார்ப்பதுபோல இருந்தது. அவள்தான் தர்சனா.

பெட்டியை இறக்கும்போது ராமென் வந்து மேற்படியில் அமர்ந்தார். முடிந்தபின், “இன்றைக்கு ஐந்தாம் மாடிக் கண்ணாடிக்கு ஏணி பிடிக்க வேண்டாம். நானே பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பீட்சாக் கடை பற்றி அவர் அதன்பின் கேட்கவே இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள் தர்சனா எடுத்தாள்.

“பெரியப்பா, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். பத்தாம் திகதிக்கு முன்னம் அச்சகத்திலை குடுக்கோணும். அப்பா சவூதியிலை இருந்த காலம் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருவியளோ?”

“நானோ?”

“அம்மாவுக்கு அங்கத்தையான் ஒண்டும் தெரியாது. அப்பா லீவிலை வந்தா அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். கூட இருந்தது நீங்கள்தானே.”

“ஓம்,” என்றார். வேறு என்ன சொல்லுவது?

நினைவு மலர் எப்படி எழுதுவது என்பது அவருக்குத் தெரியும். பலெர்மோவில் ஒரு சாவீட்டுக்கு ஒன்றாக வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது. ‘கள்ளமில்லா உள்ளமும் கனிவான பேச்சும் கொண்டவர்’ என்று தொடங்கினார். யாக்கோபுவின் பேச்சில் கனிவு கிடையாது. கரண்டியால் தட்டுவதுபோல நறுக்கென்று பேசுவான். வெட்டினார். ‘தன் மூத்த சகோதரனின் அழைப்பை ஏற்று’ என்று எழுதினார். அதுவும் வெட்டுப்பட்டது. ‘இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அந்த வருடத்தைத் தாண்டி ஒன்பதுக்குப் போனால், பக்கம் முழுவதும் பொய்யாகிவிடும். எழுதாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தவன் பெட்டிக்குள் போய்விட்டான். இனி அவர் வாய் திறக்காவிட்டால், எஞ்சினியர் தன் புத்தகத்தில் எழுதிவைத்ததுதான் என்றென்றைக்கும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்தார். சாந்தா ரொசாலியா என்னும் புனிதையின் குகைக்கு மன்னார்ச் சனமும் மொரீசியஸ் சனமும் போவது வழக்கம். கத்தரீனா உயிரோடு இருந்தபோது வெறுங்காலோடு ஏறுவாள். குகையின் கூரையில் எந்நேரமும் தண்ணீர் கசியும். அது கும்பிடுகிறவர்களின் தலையில் விழாமல், கூரை நெடுகத் தகரப் பீலிகளை வளைத்து வளைத்துக் கட்டி, ஒரு ஓரமாக இறக்கியிருக்கிறார்கள். கிறிகோரி ஒவ்வொரு முறையும் புனிதையை விட்டுவிட்டு அந்தப் பீலிகளையே அண்ணாந்து பார்ப்பார். “கும்பிட வந்தனீங்களோ, குழாய் பாக்க வந்தனீங்களோ?” என்று கத்தரீனா முழங்கையால் இடிப்பாள். அன்று இடிக்க ஆளில்லை. வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்து, பேருந்தில் மலையிறங்கினார். பக்கம் அப்போதும் வெறுமையாகவே இருந்தது.

குறைந்தது கணக்காவது சரியாக இருக்கட்டும் என்று, யாக்கோபு கடைசியில் எத்தனை வட்டம் பார்த்தான் என்பதைக் கேட்க, தர்சனாவிடம் ஒரு எண் வாங்கினார். யாக்கோபுவைப் பிக்கப்புக்குள் கண்டெடுத்த பிரசாந்துடையது. மன்னார் வங்காலைக்காரன், நாற்பது வயதிருக்கும், பத்து வருடமாக அதே தோட்டத்தில்.

“ஆர் கதைக்கிறது?”

“கிறிகோரி. யாக்கோபுவின்ரை அண்ணன். இத்தாலியிலை இருந்து.”

மறுமுனையில் ஒரு சிரிப்புக் கேட்டது. பகிடியில்லாத, பிரியமான சிரிப்பு. “நித்திரை கொண்ட அண்ணையோ?”

கிறிகோரி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“கோவியாதையுங்கோ அண்ணை. யாக்கோபு அண்ணை எப்பவும் சொல்லுவார். ‘என்ரை அண்ணன் ஒருநாள் வெயிலிலை நித்திரையாப் போனவர். மிசின் விழுந்திட்டுது. மனுசன் எண்டா நித்திரை கொள்ளத்தானே வேணும். கொள்ளுறவன் நிம்மதியாக் கொள்ளட்டும்’ எண்டு.”

“வேறை என்ன சொன்னவன்?”

“வேறை ஒண்டும் சொல்லேல்லை. அவர் எங்கை கன கதை கதைச்சவர்?”

வெட்கத்தை மறைக்க வேறு வழியின்றி, கிறிகோரி பழைய மனேச்சர் வேலைக்குத் திரும்பினார். “அப்ப ஏன் தடத்தை அப்பிடி விட்டவன்? நான் படத்திலை பாத்தனான். பன்னிரண்டு வட்டத்திலையும் சில்லுத் தடம் குழியாப்போய் வளையம் வளையமாத் தெரியுது.”

“குழியோ?” பிரசாந்துக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. “அண்ணை, அது குழியில்லை. இஞ்சை ஒரு தடத்திலையும் குழியில்லை. அது அவர் மூடின இடம். ஒவ்வொரு டவருக்கும் அங்காலை ரெண்டு, இங்காலை ரெண்டு, நாலு நொசில் மூடியிருக்கிறார். சில்லு ஓடுற இடத்திலை தண்ணி விழாது. தண்ணி விழாட்டிச் சேறு வராது. சேறு வராட்டி டவர் புதையாது. அந்த இடத்திலை புல்லும் வராது, அதுதான் மேலையிருந்து வளையமாத் தெரியும். பழைய குழாயை வெட்டி அவர்தான் மூடி செய்தவர். ஒவ்வொரு வட்டத்திலையும் புல்லு வெட்டி அள்ளுற நாலு நாள் மிசின் நிக்குமெல்லோ, அந்த நேரத்திலை மெத்தப் பாடுபட்டு ஏறி ஏறிப் போடுவார். புல்லுக் குறையுதெண்டு எஞ்சினியர் முதலிலை ஏசினவர். டவர் புதையிறது நிண்ட பிறகு வாயை மூடிக்கொண்டார்.”

கிறிகோரி கட்டில் விளிம்பில் இருந்தார். கீழே பல்லறோவில் கடைக்காரன் ஒருவன் மீனின் விலையைப் பாட்டாகக் கத்திக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்க வரிசையில் பரவிய வளையங்கள் அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்தன. அலட்சியம் எங்கேயாவது வரிசையாக வருமா? ஒரு குழந்தைப்பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும். தம்பி என்றதும் பஞ்சிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, நாலரை வருடம் அதே படத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை பார்த்திருக்கிறார்.

“கடைசியாவும் அந்த வேலைதான்,” என்றான் பிரசாந். “பன்னிரண்டிலை நாலு டவர் முடிஞ்சுது. மற்ற ரெண்டுக்கும் எட்டு மூடி வேணும். அதுகளை ஒரு பால்மா ரின்னுக்குள்ளை போட்டு, மடியிலை வைச்சபடி இருந்தவர். நித்திரையாக்கும் எண்டுதான் நான் முதலிலை நினைச்சன். எழுப்பாமல் கொஞ்சம் நிண்டனான்.”

அந்தப் பக்கத்தைக் கிறிகோரி ஒரே இருப்பில் எழுதினார். தம்பியை வேலைக்குக் கூப்பிட்டது, கம்பித் துண்டு, சாக்கு, பிக்கப்பின் நிழல், எஞ்சினியரின் கேள்வி, தன் பதில். ‘அன்று வேலை முறை என்னுடையது. யாக்கோபுவுடையது என்று நான் பொய் சொன்னேன். அதனால் அவனுக்கு லீவு மறுக்கப்பட்டது. தன் மகள் பிறந்தபோது அவன் அவளோடு இருக்க முடியாமல் போனதற்கு நான் காரணம்.’ பிறகு வளையங்களைப் பற்றி ஒரு பந்தி. தர்சனாவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக்கோடு விழுந்தது. அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், ராமெனின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அழைப்பு வந்தது.

“பெரியப்பா, இது உண்மையோ?”

“ஓம் பிள்ளை.”

பேசாலையில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது. “அப்பா முதல் வந்த நேரம் நான் அவரைக் கண்டு பயந்து, கதவுக்குப் பின்னாலை போய் ஒளிச்சனானாம். ரெண்டு நாளா அவரிட்டைப் போகேல்லையாம். அம்மா இப்பவும் அதைச் சொல்லுறவ.”

கிறிகோரி ஏணியை இறுக்கிப் பிடித்தார்.

“அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான்,” என்றாள்.

“என்ன சொன்னவ?”

“எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டா.” பிறகு, “இதை அப்பிடியே போடவோ?” என்றாள்.

“போடு.”

“ஊரெல்லாம் வாசிக்கும்.”

“வாசிக்கட்டும்.”

“ஒரு பக்கத்துக்கு மேலை போகுது. கடைசிப் பந்தியை எடுக்கட்டோ?”

“வளையத்தைப் பற்றினதோ? அதை எடுக்காதை. தொடக்கத்திலை நான் அவனைக் கூப்பிட்டு வேலை எடுத்துக் குடுத்தன் எண்டு இருக்கெல்லோ, அதை எடு.”

“சரி,” என்றாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. பெரியப்பா என்று இன்னொரு தடவை சொல்லுவாளோ என்று, தொலைபேசி இருண்ட பிறகும் அவர் காதில் வைத்திருந்தார். மேலிருந்து ராமென், “பிடிக்கிறாயா, போய்விட்டாயா?” என்று கத்தினார்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் வந்தது. அதன் பிரதியைத் தர்சனா தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாள். பதினோராம் பக்கம். அவர் எடுக்கச் சொன்னதைத் தவிர ஒரு சொல்லும் மாற்றவில்லை. பலெர்மோச் சனத்திடமும் அது எப்படியோ சுற்றி வந்தது. பூசை முடிந்து அவர் பக்கவாட்டுக் கதவால் போகும்போது, முன்பு தலையசைத்தவர்களில் சிலர் இப்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார். தர்சனா பிறகு அழைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் அனுப்பிய வாழ்த்துக்கு நீலக்கோடு மட்டும் விழுந்தது.

புதுப்படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த புல்வெட்டுக்கு மிசின் நிற்கும்போது மிச்ச மூடிகளைத் தானே போட்டுவிடுவதாகப் பிரசாந் சொல்லியிருந்தான். டிசெம்பரில் பன்னிரண்டாம் வட்டத்தை வெட்டினார்கள். அந்த வாரம் பிரசாந் லீவில் வங்காலையில் இருந்தான். சனவரியில் புல் மறுபடி எழும்பி வட்டம் முழுப் பச்சையானது. நடுவிலிருந்து தொடங்கி எண்ணினால் நான்கு வளையங்கள். பிக்கப்பின் முன் தட்டில் பால்மா ரின் அப்படியே இருக்கிறதாம். ஐந்தாம் கோபுரத்திலும் ஆறாம் கோபுரத்திலும் எட்டு நொசில்கள் இன்னும் மூடப்படவில்லை.